புதிய பதிவு வேறு, புதிய இனம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் "யாழ். குடாநாட்டில் புதிய இனக் குளவி, மக்கள் அவதானம்" என்று ஒரு கைத்தொலைபேசிப் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா தேசி மரம் முழுக்க மருந்தடித்துவிட்டார். ஏன் என்று கேட்டால் "பேப்பரில வந்திருக்கே தம்பி" என்கிறார். அவரோடு கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

படத்தில் இருப்பது ஒட்டுண்ணிக் குளவி. அது ஆளைத் தேடி வந்து கொட்டுவதில்லை, புழுவின் உடம்புக்குள் முட்டை இடும். அக்காவின் அதே தேசி மரத்தில் போன வருடம் ஒரு புழுவும், அதைச் சுற்றி அரிசிமணியிலும் சிறிய வெள்ளைக் கூடுகளும் இருந்தன. புழுவின் முட்டை என்று நினைத்து எல்லாரும் நசுக்குவது அதைத்தான். நான் இலையோடு ஜாம் போத்தலில் போட்டு, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டி வைத்தேன். ஆறாம் நாள் எறும்பளவும் இல்லாத கறுப்புக் குளவிகள் வெளிச்சப் பக்கம் ஏறி நின்றன. புழு செத்துக் கிடந்தது.

அவற்றுக்கு என்ன பெயர் என்று கேட்டால், ஒட்டுண்ணிக் குளவிகளில் பிரக்கோனிடே என்ற பெரிய குடும்பம் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். கொஸ்தாரிக்காவில் தோற்றத்தை வைத்து 171 இனம் என்று பிரித்திருந்த இந்த வகைக் குளவிகள், டிஎன்ஏ பார்த்தபோது 313 ஆயின என்று 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பூச்சி முட்டைகளுக்குள் வளரும் டிரைக்கோகிராமா என்ற மிகச் சிறிய குளவி வகையில் ஆண் குளவியின் இனவுறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தே இனம் பிரிக்கிறார்கள். இங்கே ஒரு கைத்தொலைபேசிப் படம் போதுமாகிவிட்டது!

அப்புறம் அந்தப் "புதிய" என்ற சொல். புதிய இனம் என்றால் உலகில் எவரும் இதுவரை பெயரிடாதது. இங்கே முன்பு யாரும் எழுதிவைக்கவில்லை என்றால் அது புதிய பதிவு, அவ்வளவுதான். குளவி நம் வேலியில் காலங்காலமாக இருந்திருக்கலாம். யுத்த காலத்தில் பூச்சிவலையோடு பற்றைக்குள் நின்றால் யார் விட்டிருப்பார்கள்? யுத்தம் முடிந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இனம் பார்த்துச் சொல்லச் சொல்லி ஒரு அலுவலகத்துக்கு நான் ஸ்பிரிட்டில் போட்டுக் கொடுத்த குளவிக் குப்பிகள் இரண்டு வருடமாகப் பதிலின்றிக் கிடக்கின்றன. அதைப்பற்றி உங்களுக்கு எழுதிய கடிதத்தையும் மூன்று வரியாக வெட்டித்தான் போட்டீர்கள், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரியான பெயர் எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2008இல் பப்பாசிக்கு வெண்மூட்டுப்பூச்சி வந்தது ஞாபகம் இருக்கும். எந்த இனம் என்று சரியாகப் பிடித்ததால்தான் 2009இல் அதற்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும், அதற்கென்றே உள்ள அசெரோபேகஸ் பப்பாயே குளவியைக் கொண்டுவந்து விட முடிந்தது. பெயர் பிழையாகியிருந்தால் வேறு குளவி வந்திருக்கும், பப்பாசியும் தப்பியிராது.

ஆகவே தயவுசெய்து "புதிய இனம்" என்பதை "இங்கு முன்பு பதிவாகாததாக இருக்கலாம், இனம் உறுதியாகவில்லை" என்று திருத்திப் போடுங்கள். அது ஆளைத் தேடி வந்து கொட்டாது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். படம் எடுத்தவரிடம் அந்தக் குளவி இன்னும் இருந்தால் ஸ்பிரிட்டில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தத் திகதி, எந்த மரம் என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போடவேண்டும். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோப்பாய்.