படை எண் இருக்கும் கோப்புகளைக் கழித்துவிடாதீர்கள்

தமிழ்நாடு முன்னாள் படைவீரர் நலத்துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 'கொள்ளுத்தாத்தா பர்மா சண்டைக்குப் போனாராம், விவரம் கிடைக்குமா?' என்று எங்களிடம் கேட்டு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் இருக்கும். பெயரை வைத்துக்கொண்டு எதுவும் நகராது. முனுசாமி என்பவர் ஆங்கிலத் தாளில் முனிசுவாமி, முனிசாமி, மூனசாமி என்று எப்படியும் இருப்பார். குடும்பப் பெயரும் கிடையாது. வேண்டியது ஆர்மி நம்பரும் படைப்பிரிவும்.

போரில் இறந்தவர் என்றால் வழி உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். முதல் உலகப்போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் அடக்கம். பெயரைவிட 'கூடுதல் விவரம்' பகுதியில் அப்பா பெயரையும் ஊரையும் இட்டுத் தேடுவது பலன் தரும். மாவட்டம் பழைய மாவட்டமாக இருக்க வேண்டும்: தருமபுரிக்காரர் சேலத்தில் இருப்பார், திருவண்ணாமலைக்காரர் வடஆற்காட்டில். முதல் போரில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்தின் படத்தில் தாத்தா பெயரைத் தேடுவது வீண். இந்தியச் சிப்பாய்களின் பெயரை அந்தக் கல்லில் வெட்டவே இல்லை.

உயிரோடு திரும்பியவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். சிக்கல் இங்கேதான். முதல் போர்ப் பதக்கம் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் பொறித்திருக்கும். (புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லியனுப்புங்கள், எழுத்து தேய்ந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்தால் போதும்.) எண் கிடைத்தபின் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்கள் (படையின் பொறியியல் பிரிவினர்) என்றால் பெங்களூரு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். ஓய்வூதியம் பெறாதவரின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளில் அழிக்கப்படும். நிலைத்திருப்பது 'லாங் ரோல்' என்ற பேரேடு. அதைப் புரட்டவும் எண் வேண்டும்.

படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் கரையானுக்குப் போன வீடுகளுக்கு மிஞ்சிய இடம் உங்கள் மாவட்ட அலுவலகங்கள்தான். இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவையருக்கும் மாத உதவித்தொகை வழங்க வாங்கிய விண்ணப்பங்களைச் சொல்கிறோம்; படை எண் அவற்றில் இருக்கும். பயனாளியும் மனைவியும் காலமானதும் அது முடிந்த கோப்பு. முடிந்த கோப்பு என்றைக்காவது கழிவுக்குப் போகும்.

கழிக்கும் முன் ஆறு விவரங்களை மட்டும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள்: தமிழில் பெயர், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டல், அப்பா பெயர், அக்கால ஊரும் தாலுகாவும், எண், பிரிவு. எழுத்துக்கூட்டலைத் திருத்தக்கூடாது, திருத்தினால் ரெக்கார்ட் ஆபீசில் பொருந்தாது. பஞ்சாபில் 1919-இல் தொகுத்த சுமார் 3,20,000 வீரர்களின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2021-இல் முதல் மூன்று மாவட்டங்களின் சுமார் 45,000 பெயர்கள் இணையத்தில் ஏறின. நீங்களும் எல்லா மாவட்டத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, வேலூரில் தொடங்கலாம்.

வங்கிக் கணக்கு, ஆதார் உள்ள பக்கங்களை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஊர்ப் படைவீரர் வரலாறு தேடுவோர்