சூப்பர்வைசர் ஆன இரண்டாவது வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைவாய்ப்பு விளம்பரங்களில் 'சூப்பர்வைசர் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. புதுச்சேரியில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கை வேகம் என்று பெயர் வாங்கியதால் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமை வரை மேஜையில் அட்டைப்பெட்டி மடித்தவள், திங்கட்கிழமை காலை 6 மணி ஷிஃப்டில் பதினான்கு பேருக்குப் பொறுப்பு. நடுவில் ஒரு மணி நேரம்கூட யாரும் உட்கார வைத்து எதுவும் சொல்லித்தரவில்லை.

நேற்றுவரை 'வாடி' என்று கூப்பிட்ட அக்காக்கள் 'வாங்க மேடம்' என்றார்கள். அந்த 'மேடம்' மரியாதைக்குச் சொன்னதில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

மருந்துக் கம்பெனியில் ஒரு பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த மருந்து, பேக்கிங் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் 'லைன் கிளியரன்ஸ்' பார்க்க வேண்டும். பழைய பேட்ச்சின் ஒரு மாத்திரை, ஒரு ஸ்ட்ரிப், ஒரு அட்டைகூட லைனில் இருக்கக் கூடாது. சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கியூஏ, அதாவது தரம் பார்க்கும் பிரிவு, வந்து பார்ப்பார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மெஷின் நின்று நின்று ஓடியது, பெட்டிகள் குவிந்தன. எனக்குக் கை பரபரத்தது. மேஜையில் உட்கார்ந்து நானே பெட்டி போட ஆரம்பித்துவிட்டேன். பேட்ச் மாறும் நேரத்தில் லைனின் மூத்த அக்கா, "எல்லாம் கிளீன், கையெழுத்தைப் போடும்மா" என்றார். நிமிர்ந்தும் பார்க்காமல் போட்டேன். கியூஏ பெண் டார்ச் அடித்துக் குனிந்து, பெல்ட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை உருவி எடுத்தாள். பழைய பேட்ச் நம்பர்!

லைன் இரண்டு மணி நேரம் நின்றது. கையெழுத்து என்னுடையது, ஆனால் அத்தனை பேர் முன்னால் அக்காவைத்தான் திட்டினேன். மூன்று வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. வேலையை நிறுத்தவில்லை, நான் கேட்டதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான். அதுவே போதும், லைன் படுத்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு என் மேலதான்க்கா" என்றேன். "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

இப்போது டார்ச் என் கையில்தான் இருக்கிறது. பெட்டி குவிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், யாரை எங்கே மாற்றிப் போடலாம் என்று பார்க்கிறேன். சும்மா நிற்பதுபோல் இருக்கும் அந்த ஐந்து நிமிடம் பழக எனக்கு நாலு மாதம் ஆனது.

இதைவிடக் கஷ்டம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் "இன்னும் ஒரு மணி நேரம் இருங்க" என்று கேட்பது. என் தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் பலியாகி எட்டு மணி நேர வேலையை வாங்கிய ஊர் இது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் இருக்கிறது, சரி. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு பாகூருக்கு ஒரு பெண் எப்படிப் போவாள் என்பதையும் கேட்கிறவள்தானே யோசிக்க வேண்டும்?

கை கழுவுவதற்கும் தலைக்குல்லாய் போடுவதற்கும் எங்களிடம் பயிற்சிப் பதிவேடு இருக்கிறது. ஆட்களை வைத்து வேலை வாங்குவதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களுக்கு டிடபிள்யூஐ (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்று ஒரு பயிற்சி நடத்தினார்கள். வேலையைச் சொல்லிக்கொடுப்பதற்குப் பத்து மணி நேரம், ஆட்களோடு பழகுவதற்குத் தனியாகப் பத்து மணி நேரம். போர் நடந்தபோதே அவர்களால் அந்த நேரத்தை ஒதுக்க முடிந்திருக்கிறது. நம் தொழிற்பேட்டைகளில் தொழிலாளர் துறையும் முதலாளிகள் சங்கங்களும் சேர்ந்து இப்படி ஒன்றை நடத்தக் கூடாதா?

அடுத்த மாதம் எங்கள் லைனிலிருந்து இன்னொரு பெண் சூப்பர்வைசர் ஆகிறாள். அவளும் கை வேகக்காரிதான். ஒரு வாரம் என்னோடு ஷிஃப்டில் இருக்கட்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். இரண்டு நாள் தருகிறேன் என்கிறார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேக்கிங் சூப்பர்வைசர்,
கிருமாம்பாக்கம், புதுச்சேரி.