கல்லுக்குள் இருந்த கணவாய்

கீழக்கரை

அன்புள்ள நண்பா,

நலம்தானே? பெரம்பலூர்ப் பக்கத்துக் காரையில் நீ எடுத்த அம்மோனைட் படம், அதாவது கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிரின் சுருளோட்டுப் படம், வந்து சேர்ந்தபோது, விடுமுறைக்கு வந்திருக்கும் என் பேரன் போக்கிமான் விளையாட்டில் அதே சுருளுக்கு உயிர் கொடுக்கும் முயற்சியில் இருந்தான். 1996-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் ஆட்டத்திலேயே இது உண்டு. மலைக்குகையில் கிடைக்கும் இரண்டு புதைபடிவங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, தீவிலுள்ள ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டுச் சற்று உலாவி வந்தால், சுருள் கல்லானால் ஓமனைட்டாகவோ, மற்றதானால் கபுட்டோவாகவோ கண் திறந்திருக்கும்.

எதை எடுப்பது என்று கேட்டான். கபுட்டோவை ஒத்த குதிரைலாட நண்டு ஒடிசாக் கரையில் இன்றும் முட்டையிட வருகிறது. இருப்பதை எதற்கு எழுப்ப வேண்டும்? அம்மோனைட்டோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனது. சுருளையே எடுக்கச் சொன்னேன்.

அருகிலிருந்த சங்கு வியாபாரி திரையைப் பார்த்து, "இது வலம்புரியா, இடம்புரியா?" என்றார். நல்ல கேள்வி. சங்கு முனை நோக்கி ஏறிச் சுற்றுவதால் அதற்கு வலமும் இடமும் உண்டு. அம்மோனைட் பெரும்பாலும் கொசுவர்த்திச் சுருள்போல ஒரே தளத்தில் சுற்றுவது. வளையலுக்கு அறுத்த சங்கொன்றைக் காட்டினேன்: நடுத்தண்டைச் சுற்றி ஒரே வழி. அம்மோனைட்டுக்குள் குறுக்குச் சுவர் வைத்த அறைகள். கடைசி அறையில்தான் உயிர் குடியிருந்தது. நம் வலையில் ஏறும் கணவாய்க்குத்தான் அது பங்காளி, சங்குக்குத் தூரத்துச் சொந்தம். ஓமனைட்டுக்குக் கணவாய்போலப் பத்துக் கைகள் வரைந்தவர் விஷயம் தெரிந்தவர்.

ஆயினும் எனக்குப் பிடித்தது 2019-இல் வந்த ஆட்டம்தான். அதில் கிடைப்பவை அரைகுறைத் துண்டுகள்; ஒன்றின் தலையை இன்னொன்றின் உடலோடு ஒட்டித்தான் எழுப்ப முடியும். ஆர்க்டோவிஷ் என்னும் பிராணிக்குத் தலை கவிழ்ந்து, வாய் உச்சியில் போய்விட்டது. இரையை உறையவைத்துப் பிடித்தாலும் தின்னத் திண்டாடுகிறது. கேலிதான், ஆனால் நடந்த கேலி: 1854-இல் லண்டனில் வைத்த இகுவானோடான் என்னும் டைனோசர் சிலைகளில் கட்டைவிரல் எலும்பை மூக்கின்மேல் கொம்பாக்கி வைத்தார்கள்.

உன் படத்தில் அறைச்சுவர்கள் தெரியவில்லை. உடைந்த பக்கம் தெரியுமாறு இன்னொன்று எடுத்து அனுப்பு; வியாபாரி நான் சொன்னதை இன்னும் நம்பவில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்