சுருட்டுக் குடிக்காதவரின் நுரையீரல்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சிகரெட்டைத் தொடாதவர்கள் எம்பிசீமா என்ற நுரையீரல் நோய்க்குப் பயப்படத் தேவையில்லை என்று கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நல்லது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வசனம் சொல்லி முடிக்கவே இடையில் மூச்செடுக்க வேண்டியவர் என்பதால், பதிலை நானே எழுதுகிறேன்.

அம்மா பீடியோ சுருட்டோ வாயில் வைத்தவரல்ல. சின்ன வயதிலேயே குசினிக்குள் போனவர். ஈரப் பனைமட்டையையும் தேங்காய்ப் பொச்சையும் அடுப்பில் திணித்து, ஊதுகுழலால் ஊதி ஊதி எங்களை வளர்த்தார். புகை போக ஓட்டுக்கு இடையில் ஒரு கண்ணாடி ஓடுகூட விலக்கியிருக்கவில்லை. புகையிலைக் காலம் வந்தால், இலையைப் பதப்படுத்தக் குடிலுக்குள் பனை ஊமலும் பொச்சும் போட்டுப் புகை மூட்டுவதும் அவர்தான். யாழ்ப்பாணப் புகையிலையின் பெருமையை ஒருமுறை முழுப்பக்கத்தில் எழுதினீர்களே, அந்தப் புகைக்குள் நின்ற பெண்களுக்கு ஒரு வரி இருந்ததா?

சிகரெட்தான் முதற்காரணம், மறுக்கவில்லை. ஆனால் விறகுப் புகையும் தொழிலிடத் தூசியும் போதும்; சிலருக்குப் பிறவியிலேயே அல்பா-1 அன்ரிரிப்சின் என்ற புரதம் குறைந்திருந்தாலும் வரும். நுரையீரலில் கோடிக்கணக்கான சிற்றறைகள் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவற்றின் சுவர் சிதைந்து பல அறைகள் ஒன்றாகிவிட்டால், ஒட்சிசன் இரத்தத்தில் சேரும் பரப்புக் குறைந்துவிடும். சுருங்கும் தன்மையும் போய்விடுவதால், இழுத்த காற்று வெளியேறாமல் உள்ளே தங்கும். உதட்டைக் குவித்து மெல்ல ஊதிவிடும்படி கிளினிக்கில் அம்மாவுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அடுப்பூதிய அதே வாய்.

வருடக்கணக்காக முட்டு, அதாவது ஆஸ்துமா, என்றே மருந்து தந்தார்கள். மூச்சை அளக்கும் ஸ்பைரோமெற்றர் கருவியில் ஊதிப் பார்க்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சிகரெட் குடிக்காத கிழவிதானே! போதாக்குறைக்கு, நுரையீரலைப் புதிதாக்கும் சூரணம் என்று உங்கள் பத்திரிகையிலேயே விளம்பரம். சிதைந்த சுவர் திரும்ப வளராது ஐயா. வாயால் இழுக்கும் மருந்துப் பம்ப் மூச்சுக்குழாயை விரித்துக் கொஞ்சம் ஆறுதல் தரும், அவ்வளவுதான். அந்த விளம்பரத்தைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தை இடப்பற்றாக்குறை என்று தள்ளிவிட்டீர்கள். இராசிபலனுக்கு என்றைக்காவது இடம் குறைந்திருக்கிறதா?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விறகுப் புகையாலும் இந்த வருத்தம் வரும் என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இராசிபலனுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மானிப்பாய் வாசகி