இரவல் எழுத்து

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது வலது கண்ணில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. கட்டு அவிழ்த்ததும் முதலில் படித்தது உன் கடிதத்தைத்தான். பேத்தி தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், கடைப் பலகையைக்கூட விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். பெங்களூரில் தமிழ்ப் பலகையைத் தேடிப் பிடித்துப் படிக்கிறாள் என்றால் அவள் உன் பேத்திதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். என் இளையவள் எம்.ஏ. ஆய்வுக்கு எடுத்திருக்கிற கவிதைகளைப் பற்றிப் போனில் சொன்னபோது, "கூகுளில் தேடி வந்ததையெல்லாம் ஒட்டிவைத்தால் கவிதையா? அசை, சீர், தளை எதுவும் வேண்டாமா?" என்று கேட்டாய். நாற்பது வருஷமாக வெண்பா எழுதுகிறவன் நீ, கேட்கத்தான் செய்வாய். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதமாக அவள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லக் கூடவே உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

அந்தக் கவிதைகளுக்கு ஃப்ளார்ஃப் என்று பெயர். அன்றைக்கு அகராதியில் இல்லாத சொல், கேரி சல்லிவன் என்ற அமெரிக்கக் கவிஞர் உண்டாக்கியது. இணையத்தில் ஒரு கவிதைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. யார் எதை அனுப்பினாலும் 'உங்கள் கவிதை தேர்வாகிவிட்டது' என்று பதில் வரும், பிறகு அந்தத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வார்கள். சல்லிவனின் தாத்தாவும் அதில் கவிதை அனுப்பியவர். பேரனுக்குக் கோபம். தன்னால் முடிந்த மட்டும் மோசமாக ஒரு கவிதை எழுதி 2000இல் அனுப்பினார். அதுவும் தேர்வானது. நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2001இலிருந்து மெயிலில் ஒருவருக்கொருவர் இப்படிக் கவிதை அனுப்ப ஆரம்பித்தார்கள். அப்புறம் கூகுளில் சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று சொற்களைப் போட்டுத் தேடுவது, பக்கத்தில் வருகிற துண்டு வாக்கியங்களை எடுத்து வரிசைப்படுத்துவது என்று வேலை மாறியது. யாரோ எதற்கோ எங்கேயோ எழுதியதெல்லாம் ஒரு கவிதைக்குள் வந்து உட்கார்ந்தது.

அதே 2001 செப்டம்பரில்தான் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. அமெரிக்கா முழுக்க போர், பயங்கரவாதம், கொடி என்றே பேச்சு. அந்தப் பேச்சு அப்படியே இந்தக் கவிதைகளுக்குள் புகுந்துவிட்டது. இந்தக் கூட்டத்தில் ஒருவரான கே. சிலெம் முகமது 2003இல் போட்ட 'டீர் ஹெட் நேஷன்' தொகுப்பைப் படித்தால் அன்றைய அமெரிக்காவின் வாய் எப்படிப் பேசியது என்று தெரியும் என்கிறாள் இளையவள். கேலியாகத் தொடங்கியது ஒரு நாட்டின் நடுக்கத்தைப் பதிவுசெய்கிற இடத்துக்கு வந்தது. அந்தத் திருப்பம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் என் மனசில் நிற்பது வேறொரு புத்தகம். கேட்டி டெஜென்டெஷ் என்ற பெண் எழுதிய 'தி ஆங்கர் ஸ்கேல்', அதாவது கோபத்தின் அளவுகோல், 2006இல் வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1940களில் வெளிவந்த ஒரு மனநலச் சோதனை இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிக்க வேண்டும். 'சில சமயம் நான் பிராணிகளைச் சீண்டுவேன்' என்று ஒரு வாக்கியம். 'உனக்கு என்ன ஆனாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை' என்று இன்னொன்று. இப்படிப்பட்ட வாக்கியங்களையே தலைப்பாக வைத்து, அவற்றின் சொற்களைக் கூகுளில் போட்டு, வந்த துண்டுகளால் கவிதைகளைக் கட்டியிருக்கிறார். ஆம், இல்லை என்று ஒரு பெட்டியில் டிக் அடிக்கச் சொன்ன கேள்விக்கு, முகம் தெரியாத நூறு பேர் பக்கம் பக்கமாகப் பதில் சொல்வதுபோல இருக்கிறது. அன்று ராத்திரி ஒரு கவிதையை அவள் சொல்லி முடித்ததும் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதெல்லாம் திடீரென்று முளைத்ததும் இல்லை. 1920இலேயே திரிஸ்தான் சாரா என்ற கவிஞர் ஒரு செய்முறை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்: ஒரு செய்தித்தாளை எடு, கத்தரிக்கோலால் சொல் சொல்லாக வெட்டு, பையில் போட்டு மெல்லக் குலுக்கு, ஒவ்வொன்றாக வருகிற வரிசையில் எழுது. 1959இல் பாரிஸ் ஓட்டல் அறையொன்றில் பிரையன் கைசின் என்ற ஓவியர் பிளேடால் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாள்களும் சேர்ந்து வெட்டுப்பட்டன. துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதுப்புது வாக்கியங்கள். எழுத்தாளர் வில்லியம் பரோஸிடம் காட்ட, அவர் அதையே தன் வழியாக்கிக்கொண்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு நாம் ஈய எழுத்து கோத்த பிரஸ்தான் ஞாபகம் வந்தது. கல்யாணப் பத்திரிகை ஓடி முடிந்ததும் சாயங்காலம் எழுத்துகளைப் பிரித்து மறுபடி எழுத்துப் பெட்டியில் போடுவோமே. 'நிகழும் மங்களகரமான' என்று நின்ற அதே 'நி', மறுநாள் காலையில் கருமாதிப் பத்திரிகையில் 'நினைவு' என்று நிற்கும். ஒரு நாள் நீ எழுத்து அடுக்கிய தட்டைத் தட்டிவிட்டு, தரை முழுக்க ஈயம் சிதறி, மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம். மெஷின்காரன் ஒரு கைப்பிடி அள்ளி வந்து, "இந்தா, உன் அடுத்த வெண்பா" என்று உன் கையில் கொட்டினான். எழுத்து என்றைக்கும் இரவல்தான் என்பதை நாம் விரலால் படித்திருக்கிறோம். உன் வெண்பாவில் 'நெஞ்சே' என்று வருகிறதே, அது நீ உண்டாக்கிய சொல்லா?

இந்த ஃப்ளார்ஃபுக்கு எதிராகவும் ஒருவர் எழுதியிருக்கிறார், அது நியாயமாகவே பட்டது. டான் ஹாய் என்பவர் 2006இல் 'ஜாக்கெட்' இதழில் கேட்டார்: சாராவின் பையில் கை விட்டால் எது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் கூகுள் முதலில் காட்டுவதை ஒரு கம்பெனியின் கணக்கு முடிவுசெய்கிறது. அதைப் போய்த் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? உண்மைதான். இன்றைக்கு நீ தேடினால் ஒன்று வருகிறது, நான் தேடினால் வேறொன்று வருகிறது, மேலே விளம்பரம் வேறு. இருபது வருஷத்துக்கு முன் ஜனங்கள் பிழையும் பிதற்றலுமாகக் கொட்டிவைத்த பக்கங்கள் பலவும் இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. அந்தக் குரல்கள் கொஞ்சம் மிஞ்சியிருப்பது இந்தக் கவிதைப் புத்தகங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1912இலிருந்து சிகாகோவில் வருகிற 'பொயட்ரி' இதழ், 2009 ஜூலை ஆகஸ்டில் ஃப்ளார்ஃப் கவிஞர்களுக்கும் இடம் கொடுத்து ஒரு தனிப் பகுதியே போட்டது. அதிலும் சிலது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு பிள்ளை தப்பும் தவறுமாக எழுதியதை எடுத்துப் போட்டு, படிக்கிறவனைச் சிரிக்க வைப்பதோடு நின்றுவிடுகிற கவிதைகள் உண்டு. எழுதினவன் அழுதுகொண்டே எழுதியிருக்கலாம். எடுக்கிற கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்றைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். ரஞ்சித் பட்நாகர் என்ற கலைஞர் 2012இல் பென்டாமெட்ரான் என்று ஒரு நிரல் செய்தார். ட்விட்டரில் ஜனங்கள் போடுகிற வரிகளை அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஆங்கில மரபுக் கவிதையில் பத்து அசை கொண்ட ஒரு ஓசை உண்டு, ஷேக்ஸ்பியர் சானெட்டில் வருவது, மெலிந்தும் அழுந்தியும் ஐந்து முறை. தெரியாத்தனமாக அந்த ஓசையில் ஒருவர் எழுதிவிட்டால் நிரல் பிடித்துக்கொண்டது. அதற்கு இயைபாக முடிகிற இன்னொரு வரியை வேறு யாராவது போட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து ஈரடியாக்கிவிட்டது. இந்தப் பக்கம் ஒருவன் வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை என்று முனகியிருப்பான். அந்தப் பக்கம் ஒருத்தி தலைவலி என்று எழுதியிருப்பாள். அவர்கள் சேர்ந்து ஒரு செய்யுள் பாடியிருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் தெரியாது!

தமிழில் இது இன்னும் சுலபம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து ஓசையைச் சொல்ல முடியாது, உச்சரிப்பு அகராதியைப் புரட்ட வேண்டும். நமக்குக் குறில், நெடில், ஒற்று என்று எழுத்திலேயே கணக்கு இருக்கிறது. யாப்புப் பிரித்துக் காட்ட அவலோகிதம் என்ற மென்பொருளும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அரிசி விலை பற்றிப் புலம்புகிற ஒருவர் தன்னை அறியாமல் வெண்டளை தட்டாமல் ஒரு அடி எழுதியிருக்க மாட்டாரா? அப்படி நாலு பேரின் அடி சேர்ந்து ஒரு வெண்பா ஆனால், ஈற்றடி முச்சீராக வந்து நாள், மலர் என்ற வாய்பாட்டில் முடிந்தால், நீ என்ன சொல்வாய்? வாய்க்கிறது அபூர்வம்தான். ஆனால் உன் வாயாலேயே கேட்டிருக்கிறேன், நல்ல வெண்பா வாய்க்க வேண்டும் என்று.

இனி இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். நம் மெஷின்காரன் போன அன்று பழைய பிரஸ் ஆட்களின் குரூப்பில் வந்த மெசேஜ்கள் என் போனில் அப்படியே இருக்கின்றன. காரியம் முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் ஒரு நோட்டை எடுத்து, அவற்றை வரிசையாகக் கையால் எழுதினேன். மொத்தம் 41. பெயர்களை எடுத்துவிட்டேன். 'ஆழ்ந்த இரங்கல்', 'ஓம் சாந்தி' இரண்டையும் எடுத்தேன், பெரும்பாதி போய்விட்டது. நடுவில் யாரோ தெரியாமல் அனுப்பிய காலை வணக்கம், மனை விற்பனை விளம்பரம் எல்லாவற்றையும் ஒரு தடவை உள்ளே வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரியை மட்டும் இடம் மாற்றினேன். என் சொல் என்று ஒன்றுகூட இல்லை. மிஞ்சியது இது:

லொகேஷன் அனுப்புங்க
எந்த வீடு, பழைய வீடா
எப்ப எடுக்குறாங்க
நேத்து சாயங்காலம் பேசினேன்
நேத்து சாயங்காலம்தான் பேசினேன்
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது
வந்துக்கிட்டே இருக்கேன்
பஸ்ல சிக்னல் இல்ல

'நேத்து சாயங்காலம்' என்பதை எழுதியவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். ஒருவர் திருமங்கலம், இன்னொருவர் சிவகாசி. அவன் கடைசி நாள் சாயங்காலம் உட்கார்ந்து எல்லாருக்கும் போன் போட்டிருக்கிறான். எனக்கும் போட்டான், நான் ஆஸ்பத்திரி வரிசையில் இருந்ததால் எடுக்கவில்லை. தனித்தனி மெசேஜாகப் படித்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் தெரிந்தது. வேறெதையும் நான் செய்யவில்லை பங்காளி, கீழே கீழே வைத்தேன், அவ்வளவுதான்.

ஊரான் வார்த்தையை எடுத்துக் கவிதை என்று வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று குழம்பி, போன வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்கு மதினியைப் பார்க்கப் போனபோது நோட்டைக் கொண்டுபோனேன். வாசித்துக் காட்டினேன். டீ ஆறிப்போகும்வரை பேசாமல் இருந்தார்கள். அப்புறம் நோட்டை வாங்கித் தாங்களே ஒரு தடவை படித்துவிட்டு, "நீக்கினது யாரு தம்பி?" என்று கேட்டார்கள்.

யார் என்று போனில் தெரிகிறது, மேலே உன் பெயர் இருக்கிறது. அன்றைக்குக் காலை 6.12. நீ எழுதி எப்போது எடுத்தாயோ தெரியாது, நான் பார்க்கும்போது எடுத்தாகிவிட்டது. உன்னை எனக்குத் தெரியும், அது ஒரு வெண்பாவாகத்தான் இருந்திருக்கும். மதினியிடம் உன் பெயரைச் சொன்னேன், அதற்கு என்னை மன்னித்துக்கொள். உன்னிடம் கேட்டு வாங்கித் தரச் சொன்னார்கள். எங்காவது எழுதிவைத்திருந்தால் அனுப்பு. பாதியில் நின்றிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பு.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா? பேத்தியையும் கூட்டி வா. இங்கே படிக்கப் பலகை நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் பங்காளி