கையெழுத்துப் போடும் முன் பிள்ளைகளைக் கேளுங்கள்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எங்கள் குழுவில் ஆசிரியர் பிரதிநிதி. உங்களைப் போலவே மாதந்தோறும் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள். அப்படிப் போட்ட கையெழுத்துகளில் ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது. ‘ஆறு குழாய்களுடன் கைகழுவும் தொட்டி’ என்று தீர்மானம் எழுதினோம். கட்டி முடித்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. முதல் நாள் சத்துணவு மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்து தொட்டியின் முன் நின்றார்கள். குழாய் அவர்கள் தலைக்கு மேலே இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு குழாயைத் திருகிவிட்டாள். மற்றவர்கள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

கொத்தனார் மேல் குற்றமில்லை. எவ்வளவு உயரம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் நாங்கள்தான். அந்தத் தொட்டியைப் பயன்படுத்தப்போகிறவர்கள், நாங்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையை அழைத்துச் சுவரோரம் நிற்கவைத்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால் போதும். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பயன்படுத்துகிறவர்களைக் கூட வைத்துக்கொண்டே ஒரு பொருளையோ இடத்தையோ திட்டமிடுவதைப் பங்கேற்பு வடிவமைப்பு என்கிறார்கள். பிறந்த இடம் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, தொழிற்சங்கமும்தான். 1970களில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞரோடு சேர்ந்து, ஆலைக்குள் கணினி எப்படி வரவேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் சொல்லுரிமை வேண்டும் என்று நின்றது. பிறகு 1981இல் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் ஆய்வாளர்களோடு ‘உட்டோப்பியா’ என்ற திட்டத்தைத் தொடங்கின. வரப்போகும் இயந்திரம் கையில் இல்லை. ஆகவே ஓர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து, அதில் ‘லேசர் அச்சு இயந்திரம்’ என்று எழுதி ஒட்டி, அதோடு வேலை செய்வதுபோல் நடித்துப் பார்த்தார்கள். எங்கே இடிக்கிறது, எங்கே வசதியாக இருக்கிறது என்று தொழிலாளிகளே சொன்னார்கள். காலி அட்டைப்பெட்டி நம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. அடுத்த தொட்டி கட்டும்முன் அதைச் சுவரில் சாய்த்து வைத்துப் பிள்ளைகளைக் கை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அளந்துவிட முடியாது. ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். கூட்டத்தில் எழுந்து சொல் என்றால் எப்படிச் சொல்வாள்?

அதற்குத்தான் டிஜிட்டல் கதைசொல்லல். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1990களில் டேனா ஆட்ச்லியும் ஜோ லாம்பர்ட்டும் வளர்த்தெடுத்த முறை இது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். பிறகு அதைச் சுருக்கி எழுதி, சொந்தக் குரலில் பதிந்து, சில படங்களோடு சேர்த்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு கதை. எங்களுக்கு ஒரே ஒரு செல்போன் போதுமானதாக இருந்தது.

வேப்ப மரத்தடியில் ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். முதல் நாள் எல்லாரும் சுற்றுலா போனதையும் திருவிழாவையும் சொன்னார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி பாட்டியின் இருமலைப் பற்றிச் சொன்னாள். அதன்பிறகு பேச்சு தானாகத் திரும்பியது. அந்த ஏழாம் வகுப்புப் பெண் அன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினாள். யாரும் இல்லாத வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளே பதிந்தாள். பின்னால் காகம் கரைவது கேட்கும். அதை நீக்க வேண்டாம் என்றாள். படங்களைக் கிரேயானில் வரைந்தாள். ஐந்து படங்கள். நான்காவது படத்தில் ஒரு கதவு, கதவின் அடியில் இரண்டு பாதங்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் தோழி வெளியே காலால் கதவை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். தோழி பள்ளிக்கு வராத நாளில் இவள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

எங்கள் பதிவேட்டில் மூன்று மாதங்களாக ‘கழிப்பறைப் பராமரிப்பு தேவை’ என்ற வரி இருந்தது. அதே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தோம். அன்று கூட்டத்தில் அந்தக் கதையைப் போட்டோம். பெயர் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் எழுந்து வெளியே போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் பள்ளி திறக்கும்முன் துளைபோடும் இயந்திரத்தோடு வந்து நின்றார்.

உங்களிடம் நான் கேட்பது சட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒன்றல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நம் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தீட்டும் பொறுப்பை நம்மிடம் தருகிறது. மத்திய அரசு 2010இல் வெளியிட்ட விதிகள் அந்தத் திட்டம் மூன்று ஆண்டுகளுக்கானது என்றும், நிதியாண்டு முடிய மூன்று மாதங்கள் இருக்கும்போதே தயாராக வேண்டும் என்றும் சொல்கின்றன. அதே விதிகளில் இன்னொரு வரி உண்டு, பெரும்பாலோர் கவனிக்காத வரி: பெற்றோர் அல்லாத உறுப்பினர்களில் ஒரு பங்கை உள்ளூர்க் கல்வியாளர்களிலிருந்தோ பள்ளிப் பிள்ளைகளிலிருந்தோ பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைக்கு நாற்காலி போட அந்த விதியே இடம் வைத்திருக்கிறது.

ஆகவே திட்டம் எழுத உட்காரும்முன், அக்டோபர், நவம்பரில், பிள்ளைகளின் கதைகளைக் கேளுங்கள். அதைப் போட்டியாக்கிவிடாதீர்கள். முதல் பரிசு என்று அறிவித்த கணமே பிள்ளைகள் நமக்குப் பிடித்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று இருபது கதைகள் வரும், தாழ்ப்பாள் வராது. வாட்ஸ்அப் குழுக்களிலும் போடாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் தனிப்பட்ட தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முகம் தேவையே இல்லை. குரலும் ஒரு படமும் போதும். யாருக்குப் போட்டுக் காட்டலாம், எந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்பதைக் கதை சொன்ன பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த நெறியைக் கனடாவின் ஃபோகோ தீவு 1967லேயே காட்டியது. மீனவக் கிராமங்களைக் காலி செய்து மக்களை வேறிடத்துக்கு நகர்த்தும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. காலின் லோ என்ற இயக்குநர் தீவு மக்களை வைத்து இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். வெளியே யாருக்கும் காட்டும்முன் படத்தில் பேசியவர்களுக்கே போட்டுக் காட்டினார். பிறகு அரசுக்குக் காட்டினார்கள். அமைச்சர் சொன்ன பதிலையும் படமாக்கித் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி வேலைதான். தீவு மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் படகு கட்டினார்கள். தீவை விட்டுப் போகவில்லை.

கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது கேட்காமலே இருப்பதைவிடக் கொடுமை. இதை எங்கள் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். அதே ஒன்பது பேரில் ஒரு பையன் காலனியிலிருந்து பள்ளிக்கு வரும் பாதையைப் பற்றிக் கதை செய்தான். மாலை வகுப்பு முடிந்து திரும்பும்போது புளியமரங்களுக்கு அடியில் இருட்டு. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை அடி நடக்கிறான் என்று எண்ணிச் சொல்லியிருந்தான்: இருநூற்றுப் பன்னிரண்டு. தெருவிளக்கு நம் குழுவின் கையில் இல்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தக் கதையைப் போட்டோம். கைதட்டினார்கள். பார்க்கிறோம் என்றார்கள். நான் இரண்டு முறை போய்க் கேட்டேன், பதில் வரவில்லை.

பையன் திங்கட்கிழமைதோறும் என்னிடம் வந்து நிற்கிறான். அக்டோபர் 2 கிராம சபைக்கு அவனையும் அழைத்துப் போகிறேன். எங்கள் குழுவின் தாய்மார்கள் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அன்று கிராம சபை உண்டு.

அன்புடன்,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை