மகள் கையால் எழுதிய வினாத்தாள்

கல்லடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். எங்களுக்கு மாரி பிடித்துவிட்டது. வாவியில் தண்ணீர் ஏறிக்கொண்டு வருகிறது.

பிரிண்டர் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். என் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு வாங்கு.

நான் என் பிரிண்டரை யூஎஸ்பி வயரில் என் கொம்பியூட்டரோடு பொருத்தி, வீட்டில் மற்றவர்களும் அடிக்கும்படி விண்டோஸில் ஷேர் பண்ணிவிட்டேன். முதலில் மகளின் லெப்டொப்பில் தெரியவே இல்லை. விண்டோஸில் வீட்டு வைஃபை 'பப்ளிக்', அதாவது பொது இடத்து வைஃபை, என்று கிடந்தது. 'பிரைவேட்' ஆக்கியதும் தெரிந்தது. சரி, முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் விடிய நாலு மணிக்கு எழும்பினால், பிள்ளை மேசையில் குனிந்து, போனில் உள்ள ஏ.எல். இரசாயனவியல் வினாத்தாளைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். என் கொம்பியூட்டர் ஓடினால்தானே மற்றவர்களுக்குப் பிரிண்ட் வரும்? அதைப் போட என் பாஸ்வேர்ட் வேண்டும். "எழுப்ப மனமில்லை அப்பா" என்றாள். எனக்கு நெஞ்சு பிசைந்துவிட்டது மச்சான்.

அன்றைக்கே வயரைக் கழற்றி, பிரிண்டரை நேரே வைஃபையில் இணைத்தேன். அதில் வைஃபை முதலே இருந்தது, நான்தான் தொடவில்லை. வைஃபை தரும் ரவுட்டர் பெட்டிக்கு இரண்டு அலைவரிசை. 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையின் பெயர் பிரிண்டரில் வரவில்லை, 2.4இல்தான் பிடித்தது. மலிவான பிரிண்டர் பலதும் அப்படித்தான்.

அப்புறம் இன்னொரு தொல்லை. கரண்ட் போய் வந்தால் சில நாள் 'ஒஃப்லைன்' என்று காட்டும். ரவுட்டர் திரும்ப எழும்பும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வேர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண், கொடுத்துவிடுகிறது. 192.168.1.5 ஆக இருந்தது 192.168.1.9 ஆகிவிடும், லெப்டொப்போ பழையதையே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டரில் நெட்வேர்க் விபரப் பக்கம் ஒன்று அடிக்கலாம். அதில் எழுத்தும் இலக்கமுமாக 12 இடத்தில், அந்தக் கருவிக்கென்றே உள்ள மெக் முகவரி இருக்கும். அதை ரவுட்டரில் ஐபி பங்கிடும் டிஎச்சிபி பகுதியில் போட்டு, இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இதே ஐபிதான் என்று ஒதுக்கிவிட்டேன். பிரிண்டரிலேயே ஐபியைக் கையால் போடவும் முடியும். ஆனால் ரவுட்டர் பங்கிடும் எண்களுக்கு வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருடைய போனோடாவது முட்டிக்கொள்ளும்.

நேற்றிரவு இரண்டு தரம் கரண்ட் போனது. காலையில் பார்த்தால் தட்டில் நாலு தாள், மகள் விடியப்புறம் அடித்தது.

வைஃபை உள்ளதாகப் பார். லான் வயர் குத்தும் இடமும் இருந்தால், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து வயரிலேயே கொடு, அது இன்னும் உறுதி. காசு கட்டும் முன் எந்த மொடல் என்று எனக்கு ஒருக்கா எழுது.

அன்புடன்,
உன் கல்லடி மச்சான்